படுத்த படுக்கையான அம்மாவை இல்லத்தில் சேர்ப்பதா?

வணக்கம் சகோதரி. பக்கவாதத்தால் அம்மா மதுரையில் படுக்கையில், நீங்கள் வேலைக்காகச் சென்னையில், துணைக்கு இருந்த பெண்மணியும் நின்றுவிட்டார், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

முன்பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: எழுந்து நடக்க முடியாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? பல முதியோர் இல்லங்கள் தம் வேலையைத் தாமே செய்துகொள்பவர்களை மட்டுமே ஏற்கின்றன. விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை. சேர்ப்பார்கள் என்றால், இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று கேளுங்கள். பகலில் போய்ப் பார்த்தால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் தெரியும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு இரவிலும் ஆள் வேண்டும்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதியுங்கள். 2021 முதல் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆனால் முழுநேரத் துணைக்கு அது மாற்றாகாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு அது தேவை. முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.