பள்ளிக்கு வரும் கவிஞரால் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுக்க முடியுமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஒரு கவிஞரை வரவழைத்து வாரம் ஒரு நாள் படைப்பெழுத்து வகுப்பு நடத்தப் போகிறார்களாம். தனிக் கட்டணம். கவிதை சொல்லிக்கொடுத்து வருகிற விஷயமா? சேர்க்கலாமா?

பதில்:

நான் ஊரறிந்த கவிஞன் இல்லை. இரண்டு தொகுப்பு போட்டிருக்கிறேன். இரண்டாவது இன்னும் வீட்டுப் பரணில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. ஆனால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் ஐந்து வருடமாகச் சனிக்கிழமை மதியங்களில் பிள்ளைகளை எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கட்டணம் கிடையாது, கடலை மிட்டாய் உண்டு. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதல் நாள் மண்ணைக் கவ்வினேன். பதினெட்டுப் பிள்ளைகள். "அம்மாவைப் பத்தி ஒரு கவிதை எழுதுங்க" என்றேன். பத்தே நிமிடத்தில் பதினெட்டுத் தாளும் கைக்கு வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அம்மா தியாகச் சுடர், அன்பின் சிகரம், நடமாடும் தெய்வம். அம்மா கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று ஒரு தாளிலாவது இருக்க வேண்டுமே? இல்லை. அடுத்த வாரம் "மரம்" என்றேன். ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கும் மரம் வளர்ப்பு வாசகங்கள் கொஞ்சம் இடம் மாறி வந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் இப்படி எழுதினால்தான் டிபன் பாக்ஸ் பரிசு என்று அவர்களுக்கு அத்துப்படி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பர் கென்னத் கோக்கைப் பற்றிச் சொன்னார். (குளிர்பானத்தைச் சொல்வது போலவே உச்சரிக்க வேண்டும்.) கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், கவிஞர். 1968இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படித்த பி.எஸ். 61 என்ற அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய்க் கவிதை எழுத வைக்க ஆரம்பித்தார். அதற்கு முந்தைய வருடம், 1967இல், ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து அந்த ஊரில் ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருந்தார்கள். எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. சம்பளம் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் கவிஞரைப் பள்ளிக்குக் கூப்பிட்டால் பொன்னாடை, குத்துவிளக்கு, ஒரு நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. பஸ் செலவு அவர் பாடு.

கோக் முதல் வகுப்பில் செய்தது சின்ன வேலை. தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரே ஒரு வரி. "எனக்கு ஆசை" என்று தொடங்க வேண்டும், வரிக்குள் ஒரு நிறமும் ஒரு ஊரோ நாடோ ஒரு படக்கதைப் பாத்திரமும் வர வேண்டும். எல்லா வரிகளையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்து, ஒரே கவிதை போலச் சத்தமாக வாசித்துக் காட்டினார். எதுகைக்காக மெனக்கெட வேண்டாம், எழுத்துப் பிழையை அப்புறம் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவனோடு பேசலாம், சத்தம் போடலாம். அவ்வளவுதான் விதி. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புது யோசனை: கனவுகள், சத்தங்கள், நிறங்கள், "முன்பு நான் இப்படி, இப்போது இப்படி", அப்புறம் பொய்கள். 1970இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டார். பிள்ளைகளின் கவிதைகள்தான் அதில் பெரும்பகுதி.

சரி, இதைத் தமிழில் போட்டால் என்ன ஆகும்? "ஆசை" எடுபடவில்லை. "எனக்கு ஐஏஎஸ் ஆக ஆசை" என்று பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். பாவம், பெரியவர்கள் கேட்டால் சொல்வதற்கென்றே அந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பொய்தான் பிய்த்துக்கொண்டு போனது. "அண்டப்புளுகு ஆகாசப்புளுகு ஒண்ணு விடுங்க. நான் நம்பக் கூடாது, ஆனா கேக்க ஆசையா இருக்கணும்" என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள்: "எங்க ஆச்சி நிலாவுக்கு வெத்தலை மடிச்சுக் குடுத்தா. அது துப்புன எச்சிதான் எங்க ஊரு செவக்காடு." நான் எழுதிய இரண்டு தொகுப்பிலும் இப்படி ஒரு வரி கிடையாது.

கோக் எதிர்கொண்ட சிக்கலும் நம் சிக்கலும் ஒன்றில்லை என்பது இந்த இடத்தில்தான் புரிந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு எதுகை ஒரு முட்டுக்கட்டை. அதை எடுத்துவிட்டதும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்னால் ஒரு மதில் இருக்கிறது. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், நோட்டில் எழுதுவது வேறு தமிழ். "ஆச்சி" என்று எழுதினால் "பாட்டி" என்று திருத்தப்படும். "செவக்காடு" என்றால் "செம்மண் நிலம்". பென்சிலைத் தாளில் வைத்த நொடியே பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறது, யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெண்கூட எழுதுவதற்கு முன் என்னிடம் வந்து காதோடு கேட்டாள்: "சார், ஆச்சினு போடலாமா?" ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொடுத்தது என்ன என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு "போடு" என்று சொன்னதைத்தான் சொல்வேன்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சிலேயே கதை எழுதி, 1982இல் அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியும் போட்டுக் கொடுத்தார். இருந்தும் நோட்டுக்குள் சிவப்பு மை இன்னும் அவற்றைத் தேடித் தேடி அடிக்கிறது. அமெரிக்காவில் ஜூன் ஜோர்டன் என்ற கவிஞர், கறுப்பினத்தார் பேசும் ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் இல்லை, அதற்கும் இலக்கணம் உண்டு என்று வாதாடியவர். அவரும் டெரி புஷ் என்ற ஆசிரியையும் புரூக்ளினில் நடத்திய சனிக்கிழமைப் பட்டறையின் பிள்ளைகள் எழுதியவை 1970இல் ஒரு தொகுப்பாக வந்தன. சனிக்கிழமை என்று படித்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "தம்பி, எதுகை இல்லை, மோனை இல்லை, இது கவிதையா?" என்றார். நியாயமான கேள்வி. யாப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயதில் எதுகையைத் துரத்தினால், சொல்ல வந்தது ஓடிவிடுகிறது. அதுதான் என் வழக்கு. அவருக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவரே ஒரு விடுகதை போட்டார், பிள்ளைகள் விடுவித்தார்கள், அவர் இன்னொன்று போட்டார். அந்த மதியம் எனக்கு வேலையே இல்லை. உருவகத்தை விளக்க நான் கரும்பலகையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விடுகதையில் அது கைவசம் இருந்திருக்கிறது! அடுத்த வாரம் ஆளுக்கொரு புது விடுகதை கட்டச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளியின் பையன் ஒருவன் கட்டியது: "அம்பது பேரு ஒரே பாயில படுத்திருக்கான். எவன் எந்திரிச்சாலும் அன்னைக்கே சாவு." விடை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு பயிற்சி நிகரகுவாவில் இருந்து வந்தது. அந்த நாட்டில் பெரிய ஏரி ஒன்றில் சொலெந்தினாமே என்ற தீவுக் கூட்டம். கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்தோ கார்தெனல் அங்கே உழவர்களோடும் மீனவர்களோடும் வாழ்ந்தார். கோஸ்டா ரிகாவைச் சேர்ந்த மைரா ஹிமெனெஸ் என்ற கவிஞர் அங்கே போய் அந்த மக்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். 1977இல் அந்த நாட்டுச் சர்வாதிகாரி சொமோசாவின் படை அந்தக் குடியிருப்பை அழித்தது. 1979 புரட்சிக்குப் பின் கார்தெனல் பண்பாட்டு அமைச்சராகி, அதே பட்டறைகளை நாடெங்கும், போலீஸ்காரர்கள் வரைக்கும் கொண்டுபோனார். எழுத வருபவர்களுக்கு அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று: மரம் என்று எழுதாதே, எந்த மரம் என்று எழுது.

இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கி வைத்திருக்கிறார். அதை மனப்பாடம் செய்த நாம் "பூக்கள் பூத்தன, பறவைகள் பாடின" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆகவே ஒரு சனிக்கிழமை மரம், பூ, பறவை மூன்று சொல்லுக்கும் தடை. வாகை, உடை, ஆவாரை, செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி என்று பெயர்கள் வந்து விழுந்தன. சில பெயர்களுக்கு நான்தான் "அது எப்படி இருக்கும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. பாடம் நடத்துகிறவனுக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியும் என்றதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு களை வந்தது பாருங்கள்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நிகரகுவாவின் பட்டறைக் கவிதைகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன என்று அந்த நாட்டிலேயே குறை சொன்னார்கள். கோக்கின் முறைக்கும் அந்தக் குறை வந்தது. உண்மைதான். என் வகுப்பிலும் மூன்றாம் மாதம் எல்லோரும் நிலாவுக்கு எதையாவது ஊட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்திக்குக் கைதட்டல் கிடைத்ததால். கோக் இதற்குப் பிறகு வேறு வழி பார்த்தார். பிளேக், ஷேக்ஸ்பியர், லோர்கா போன்றவர்களின் கவிதைகளையே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, அதை ஒட்டி எழுத வைத்தார். நானும் குறுந்தொகையில் எளிதானவை சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். பாதி பலித்தது, பாதி பதவுரை வகுப்பாகப் போய்விட்டது. இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. "முந்தி நான், இப்போ நான்" பயிற்சியில் ஒரு பையன் எழுதினான்: "முந்தி நான் அப்பா தோள்ல இருந்து தேர் பாத்தேன். இப்போ அப்பா போட்டோல இருந்து என்னைப் பாக்காரு." மற்றவர்கள் வாசிக்கச் சொன்னார்கள், அவன் வாசித்தான், யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படியே வகுப்பை முடித்துவிட்டேன். வேறொரு முறை ஒரு பெண் எழுதியது கவிதை மாதிரியே இல்லை, உதவி கேட்பது மாதிரி இருந்தது. நூலகரிடம் பேசி, இருவருமாகக் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தோம். பிள்ளைகளை மனம் திறந்து எழுதச் சொல்கிறவன் திறந்ததும் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்திருக்கவில்லை.

பெரியவர்களிடமும் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கோக் பின்னாளில் ஒரு முதியோர் இல்லத்துக்கும் போனார். பலருக்குப் பேனா பிடிக்கக் கை வராது. அவர்கள் சொல்லச் சொல்ல இவரும் கூட வந்தவர்களும் எழுதிக்கொண்டார்கள். நான் இங்கே அப்படி ஒரு ஆச்சியிடம் போய் உட்கார்ந்தபோது, "கவிதையா, எனக்கென்ன தெரியும்" என்றவர், பேச்சுவாக்கில் தன் தங்கச்சி இறப்புக்குப் பாடிய ஒப்பாரியை இருபது நிமிடம் விடாமல் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்க அங்கே என்ன இருக்கிறது? எழுதிக்கொள்ளத்தான் நான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட்டுக் கட்டும் திறமையை யாராலும் ஊட்ட முடியாது. ஆனால் தன் கண்ணால் பார்த்ததைத் தன் வாயால் சொல்லலாம் என்ற துணிச்சலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அதை எழுதிப் பழகியவர் கொடுத்தால் சீக்கிரம் ஒட்டுகிறது. அமெரிக்கக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் 1950இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். 1968இல் இல்லினாய் மாநிலத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். அந்தப் பெருமையோடு நிற்காமல், பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கவிதைப் போட்டி நடத்திப் பரிசுப் பணத்தைத் தன் கையில் இருந்து கொடுத்தார். அப்படி ஒருவர் உங்கள் பள்ளிக்கு வருவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். மொத்தம் எத்தனை வகுப்பு? பத்துக்குக் குறைந்தால் அது விழா. மதிப்பெண், முதல் பரிசு உண்டா? உண்டென்றால் உங்கள் மகளும் தியாகச் சுடர்தான் எழுதுவாள். அவர் வகுப்பில் பிள்ளைகள் எழுதியதைச் சத்தமாக வாசிக்க விடுவாரா, அல்லது தன் கவிதைகளை வாசிப்பாரா? கடைசியைப் பள்ளியில் கேட்டால் தெரியாது. முதல் வகுப்பு முடிந்து வந்ததும் நோட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டில் பேசும் சொல் ஒன்றாவது அதில் அடிபடாமல் இருந்தால் தொடர்ந்து அனுப்புங்கள். இல்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்தக் காசில் ஒரு சனிக்கிழமை கோவில்பட்டிக்கு பஸ் ஏற்றுங்கள். கடலை மிட்டாய் என் செலவு.