பாவக்கா கொடிய பாத்துட்டு ஒக்காந்திருக்குற பொண்ணுக்கு எதுக்குங்க மேனேஜ்மென்ட் கோட்டா?

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. பொண்ணு ப்ளஸ் டூ, மேத்ஸ்ல 97. பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வெச்சிட்டாராம், நகைய அடகு வெச்சாதான் கட்ட முடியும், பொண்ணு என்னடான்னா மொட்டமாடில பாவக்கா கொடிய பாத்து நோட்டுல வரைஞ்சிட்டு கெடக்கறா, இவளுக்கு இன்னா சார் ஆச்சுன்னு கேக்கறாங்க.

ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், அவங்க அனுப்புன நோட்டு போட்டோவ பெருசு பண்ணி பாத்ததும் நிறுத்திட்டேன். கயித்த புடிச்சிக்கிட்டு ஏற கொடி விடுற சுருள்கம்பி பாதி வரைக்கும் ஒரு பக்கமா சுத்தி, நடுவுல திரும்பி, மீதி எதிர்ப்பக்கமா சுத்துது, பக்கத்துல "ஏன்?"னு எழுதியிருக்கா. அம்மா, இத டார்வினே 1865ல எழுதி வெச்சிருக்காரு. கொடி எதையாவது தொட்டதும் கம்பியோட ரெண்டு பக்கத்துக்கும் நீளம் வித்தியாசப்படுது, அதான் சுருளுது, ஆனா ரெண்டு முனையும் மாட்டிக்கிச்சே, சுழல வழியில்ல, அதனால வலது முறுக்க இடது முறுக்கு கழிச்சாகணும். 1998ல கோரியலி, டேபர்னு ரெண்டு பேரு மெல்லிசான கம்பி எப்டி வளையும், முறுக்கும்னு சொல்ற கிர்காஃப் சமன்பாட்ட வெச்சு இத கணக்காவே போட்டாங்க. ரத்தக்குழாய்க்குள்ள போற ட்யூபு எங்க வளையும், எலும்பே இல்லாத ரோபோ கை எப்டி சுத்திப் புடிக்கும், எல்லாம் இதே குடும்பத்து கணக்குதான். இதுக்கெல்லாம் ஆரம்பம் ஆய்லர்ங்கற கணித மேதை, 1744ல கம்பி வளையறத கணக்கா போட்டாரு. வீட்ல ஒரு ஈர்க்குச்சிய ரெண்டு முனைலயும் அழுத்தி பாக்க சொல்லுங்க, பாதியா ஒடிச்சு அழுத்தினா வளையறதுக்கு முன்னாடி நாலு மடங்கு தாங்கும்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் பத்தி நான் எழுதல, உங்க தெருவுலயே பத்து பேரு சொல்லுவாங்க. திருப்பதி ஐசர்னு (IISER) அறிவியல் படிப்பு, ஆராய்ச்சிக்குன்னே ஒரு எடம் இருக்கறத யாராவது சொன்னாங்களா? காட்பாடில ரயில் ஏறுற தூரம், 2015ல ஆரம்பிச்ச சென்ட்ரல் கவர்மென்ட் நிறுவனம், அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ். அதுல சேர ஐஏடின்னு ஒரு நுழைவுப் பரீட்ச, 60 கேள்வி, மூணு மணி நேரம், பயாலஜியும் 15 வரும், பயாலஜி படிக்காத புள்ளைங்க அத பாத்தே ஃபார்ம் போடறதில்ல, அப்டி விட்டுட வேணாம், போட சொல்லுங்க. கெடைக்கலன்னா வேலூர் முத்துரங்கம் காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸ், அப்பறம் ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்எஸ்சி. சம்பாத்தியம் லேட்டாதான் வரும், மறைக்க மாட்டேன், ஆனா ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா ஆராய்ச்சி பண்றப்பவே மாசம் 37,000.

நகை மேல கை வெக்காதீங்க, அதுல பேச்சே கெடையாது. சீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சான்னு எழுதல, குடுக்கலன்னா இன்னைக்கே நிறுத்துங்க. அவ பிசிக்ஸ் மார்க்கையும் அனுப்புங்க. பெரியப்பாவுக்கு என் நம்பர மட்டும் குடுத்துடாதீங்க.