பந்து துள்ளட்டும் முதலில்

வணக்கம் அண்ணா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். கையால் வரையும் அனிமேஷன் கற்க ஆசை. திரையிலேயே வரையும் டேப்லெட் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார்கள் நண்பர்கள். அம்மா தவணையில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

— ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

இப்போது வேண்டாம்.

திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 12 படங்கள் வரைய வேண்டும். பன்னிரண்டையும் அழகாகவே வரைந்துவிடலாம். ஓட்டிப் பார்த்தால் உயிர் இருக்காது. கோளாறு கோட்டில் இல்லை, இடைவெளியில். துள்ளும் பந்து உச்சியில் தயங்கும். அங்கே படங்கள் நெருங்கி விழ வேண்டும். தரையை நெருங்க நெருங்க விலக வேண்டும். எல்லாவற்றையும் சமமாகப் போட்டால் கம்பியில் கோத்த மணிபோல நகரும். தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டித்தான் இந்தக் கணக்கு கைக்கு வரும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒருநாள் புதுக் கத்தியை என்னிடம் கொடுத்தார். பட்டையோடு நிற்காமல் மரத்தையே காயப்படுத்திவிட்டேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கியது அம்மா.

அதற்காகக் கருவியே முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் வரைஞரின் பென்சில் கோட்டை, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வேறொருவர் மையால் திரும்ப வரைவார். 1961-இல் வந்த டிஸ்னியின் டால்மேஷன் நாய்க்குட்டிப் படத்தில் ஜெராக்ஸ் முறையால் பென்சில் கோடே நேராக அந்தச் செல்லுலாய்டு தாளில் ஏறியது. கீறலும் சொரசொரப்பும் அப்படியே திரையில் தெரிந்தன. கருவி மாறினால் படத்தின் முகமே மாறும்.

உங்களுக்கு இப்போது தேவை பெக் பார். தாள்களை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் முளைகள், அவ்வளவுதான். அலுவலகத்தில் தாளில் துளை போடும் பஞ்ச்சர் இருக்கிறதே, அந்த இரண்டு துளைக்குச் சரியாக இரண்டு மரக்குச்சிகளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் இது தெரியாமல் ஒரு மாதம் தாள் மூலையில் டேப் ஒட்டி வரைந்தேன். என் கதாநாயகன் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடந்தான்! அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டு, கீழ்த்தாள் தெரிய அடியில் ஒரு விளக்கு, முன்வரைவுக்கு வெளிர்நீலப் பென்சில். படம் பிடிக்கக் கைப்பேசி போதும். அதை மட்டும் அசையாமல் நிறுத்துங்கள்.

பந்து சரியாகத் துள்ளியதும் அதற்கு ஒரு வால் வரைந்து பாருங்கள். வால் பந்துக்குச் சற்றுப் பிந்தியே வர வேண்டும். நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்ட இடம் அது. சரியாக வந்தால் எனக்கு அனுப்புங்கள்.