வம்சாவளியை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி, மனைவி மக்களோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அவர் வழிப் பேரப்பிள்ளைகள் டர்பனிலிருந்து வருகிறார்கள். குடும்ப மலரில் முன்னோரின் பண்புகளைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். பூர்வீகச் சான்றோடு வரலாறு தயாரித்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்தத் தரகர்களின் கையில் எல்லாருடைய பாட்டனும் ஜமீன்தார், இல்லையென்றால் படைத்தளபதி. ஜமீன் வீட்டுப் பிள்ளை மாதம் 10 ஷில்லிங் கூலிக்கு 5 வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பாரா?

டர்பன்காரர்களிடம் முன்னோரின் குடியேற்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போனது முதல் 1911 வரை, ஒப்பந்தத்தில் போன சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கோர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் அந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி எப்படியெல்லாமோ சிதைந்திருப்பார்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'வட ஆற்காடு' என்றிருந்தால் ஊர் இன்றைய தமிழ்நாட்டில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தூர் ஜில்லா பிரிந்ததே 1911இல்தான். அதுவரை சித்தூர், பலமனேர் பக்கமெல்லாம் வட ஆற்காடுதான். குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊரே இன்று ஆந்திராவில் இருக்கலாம். அங்கே போய்த் தேடாமல் 'ஊரே இல்லை' என்று கைவிட்டவர்கள் நிறைய.

இனி பண்புகள். 'துணிவு, தியாகம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். புதுமண் தேடும் ஆசையில் போனார்கள் என்றும் வேண்டாம். தாது வருடப் பஞ்சமும் கடனும் ஆள்பிடிக்கும் தரகர்களும் துரத்திய காலம் அது. ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள். பலர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். தோட்டத்தில் பெண்ணுக்குப் பாதிக் கூலிதான். வெளியே வந்த பின் குடும்பம் நிமிர்ந்ததில் அவள் உழைப்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 1895 சட்டத்துக்குப் பின் போனவர் என்றால், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. பவுண்டுக்கு 20 ஷில்லிங்; தொடக்கக் கூலியில் அது ஆறு மாதச் சம்பளம்! அந்த நிலையிலும் கோயில் கட்டினார்கள், சொந்தக் காசில் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். உங்கள் குடும்பத்தின் பங்கு அதில் என்ன என்பதைப் பேரப்பிள்ளைகளே சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

தாலுகா ஆபீஸை நம்பி உட்காராதீர்கள். இருக்கிற பட்டாவுக்கே நாலு முறை அலையவிடுகிறவர்கள், நிலமே இல்லாமல் போனவரின் பெயரையா தேடித் தருவார்கள்? பதிவேட்டு நகல் வந்ததும் அந்த ஊர்க் கோயில் பூசாரியையும் வயதானவர்களையும் போய்ப் பாருங்கள்.