யாருமே தொடவில்லை, ஆனாலும் ரன்னர் அவுட்: ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள். பந்தை அடித்துவிட்டு முதல் பேஸைத் (ஓடிப்போய்த் தொட வேண்டிய தளம்) தாண்டி, இரண்டாவது பேஸ் பக்கம் நாலைந்து எட்டு போய் நின்றாள். அதற்குள் பந்து பிட்சர் (பந்து வீசுபவர்) கைக்கு வந்துவிட்டது. யாரும் அவளைத் தொடவில்லை, பந்தை எறியவும் இல்லை. அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். இது சரியா?

பதில்: அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால், சரிதான். இது ‘லுக் பேக்’ விதி. பிட்சர் நிற்கும் இடத்தைச் சுற்றி 8 அடி ஆரத்தில் கோடு போட்ட வட்டம் இருக்கும். அந்த வட்டத்துக்குள் பிட்சர் கையில் பந்து வந்துவிட்டால், பேஸுக்கு வெளியே இருக்கும் ரன்னர் (பேஸ்களுக்கு இடையே ஓடுபவர்) ஒன்று முன்னே ஓட வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை நிற்கலாம். நின்றதும் உடனே ஒரு பக்கம் கிளம்பிவிட வேண்டும். கிளம்பிய பிறகு மனம் மாறக் கூடாது. பேஸுக்கு வந்து நின்றுவிட்டால், அடுத்த பந்து வீசும்வரை காலை எடுக்கவே கூடாது. மீறினால் ஆட்டம் அங்கேயே நிற்கும், ரன்னர் அவுட்.

பிட்சர் தன் பக்கம் பார்க்கவில்லையே என்று பிள்ளைகள் தைரியமாக நின்றுவிடுகிறார்கள். அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பந்தை எறிந்தாலோ, எறிவதுபோல் கையை ஓங்கினாலோ, பந்தை நழுவவிட்டாலோ ரன்னருக்கு மறுபடி சுதந்திரம்.

பயிற்சிக்கு 60 அடி இடைவெளியில் இரண்டு பேஸ் வையுங்கள், வட்டத்தைச் சுண்ணாம்பில் போடுங்கள். மகள் முதல் பேஸைச் சுற்றி ஓடிவரும்போது பந்தை வட்டத்தில் இருப்பவரிடம் எறியுங்கள். பந்து அவர் கையில் விழும்போதே அவள் முடிவெடுத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் திரும்பி ஓடு என்று பழக்குவதே இந்த வயதுக்கு நல்லது.

இதே போல ‘தொடாமல்’ அவுட் ஆகும் இன்னொரு இடம், பேஸை முன்கூட்டியே விடுவது. பேஸ்பால் போல முன்னே தள்ளி நின்று காத்திருக்க இங்கே அனுமதி இல்லை. பந்து பிட்சர் கையை விட்ட பிறகே கால் பேஸை விட வேண்டும். முந்தினால் அந்த வீச்சு செல்லாது, ரன்னர் அவுட். இடது காலைப் பேஸின் முன் விளிம்பில் ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, பிட்சரின் கை கீழே இறங்கும்போது உடலை முன்னே சாய்க்கச் சொல்லுங்கள். பந்து இடுப்பருகே கையை விடும், அங்கேயே கண் இருக்கட்டும்.

உயரப் பறந்த பந்து பிடிபட்டால், பந்து ஃபீல்டர்மேல் முதலில் பட்ட கணத்திலேயே பேஸை விட்டு ஓடலாம். கையில் தத்தளித்து அடங்கும்வரை காத்திருப்பது வீண்.

சின்னப் பிள்ளைகளுக்கான சில போட்டிகளில் பேஸ் திருடுவதற்கு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடுவதற்கு) தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லி அம்பயரைக் கேட்கச் சொல்லுங்கள்.