தாமரையும் அல்லியும் ஒரே குடும்பமா?

இல்லை. பழைய பாடநூல்கள் தாமரையை அல்லிக் குடும்பமான நிம்பேயேசியில் சேர்த்திருக்கும். இப்போது அது நெலும்போனேசி என்ற தனிக் குடும்பம். ஒரே பேரினம், இரண்டே இனங்கள்: ஆசியாவின் நெலும்போ நூசிஃபெரா, அமெரிக்காவில் மஞ்சளாகப் பூக்கும் நெலும்போ லூட்டியா.

பிரித்ததற்கு வலுவான சான்று மகரந்தம். தாமரையின் மகரந்தத் துகளில் மூன்று பள்ளங்கள் உண்டு. அல்லியில் அப்படி இல்லை. மூன்று பள்ளம் என்பது, பூக்கும் தாவரங்களின் பெரும் பிரிவான உண்மை இருவித்திலைத் தாவரங்களின் அடையாளம்; அல்லி அந்தப் பிரிவில் சேராது. டிஎன்ஏ ஆய்வும் அதையே காட்ட, பூக்கும் தாவரங்களை மரபு உறவின்படி பிரிக்கும், 1998இல் வந்த ஏபிஜி வகைப்பாடு தாமரையைப் புரோட்டியேலிஸ் வரிசையில் வைத்தது. அதே வரிசையில் நிலத்தில் ஓங்கி வளரும் பிளாட்டனஸ் மரமும் இருக்கிறது என்றால் நம்பச் சிரமம்தான்!

நேரில் அடையாளம் காண இலையைப் பாருங்கள். விளிம்பிலிருந்து காம்புவரை பிளவு இருந்தால் அல்லி; பிளவின்றி வட்டமாக, நடுவில் காம்பு பொருந்தியிருந்தால் தாமரை. மிதப்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள், தாமரையின் இளம் இலைகளும் மிதக்கும்.