எல்லை தாண்டி வரும் வீட்டு வண்டி

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகனில் விற்பனைக்கு வந்துள்ள, எட்டு ஆண்டு பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி ஒன்டாரியோவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எல்லையில் வரி செலுத்தினால் போதுமா? – வாசகர், ஸ்கார்பரோ

பதில்: போதாது. வரியைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்த வண்டி கனடாவுக்குள் வரத் தகுதியுடையதா என்பதை, கனடியப் போக்குவரத்துத் துறை வெளியிடும் பட்டியலில் பார்த்துவிடுங்கள். தயாரிக்கப்பட்டு 15 ஆண்டுகள் நிறைந்த வண்டிகளுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால், உங்களுடையதற்கு அது பொருந்தாது. முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகுந்த வேதனை தரும்.

அடுத்து, பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்ப அழைத்த பழுதுகள் எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கான கடிதம் வேண்டும். மோட்டார்ஹோமில் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் ஒரு நிறுவனமும், மேலே உள்ள வீட்டுப் பகுதியை வேறொரு நிறுவனமும் செய்திருப்பது வழக்கம் என்பதால், இரு நிறுவனங்களிடமும் விசாரியுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

அமெரிக்கச் சுங்கத் துறைக்கு மூல உரிமைப் பத்திரத்தை, வண்டி எல்லையைக் கடப்பதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே சேர்ப்பிக்க வேண்டும். கனடியப் பக்கத்தில் 5 சதவீதக் கூட்டரசு வரி வசூலிக்கப்படும். மாகாண வரியைப் பதிவு செய்யும்போது செலுத்தலாம். நுழைந்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள், தேவையான மாற்றங்களைச் செய்து ஆய்வையும் முடித்துவிடுங்கள்.